சர்வர் நின்றால் யார்டு கேட்டும் நிற்க வேண்டுமா?

கேள்வி: சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். சொந்த லாரிகளும் ஒப்பந்த லாரிகளும் ஓடுகின்றன. இரண்டு கிடங்குகள், ஒரு கன்டெய்னர் யார்டு. என்னையும் சேர்த்து எங்கள் பிரிவில் மூன்று பேர். போன மாதம் டிஸ்க் பழுதாகி சர்வர் ஏழு மணி நேரம் நின்றுவிட்டது. வைரஸ் எதுவும் இல்லை. ஆனால் லோடு ஏற்றி, சீல் போட்டு, டிரைவரும் ஏறி உட்கார்ந்த லாரிகள் நாற்பதுக்கு மேல் கேட்டுக்கு உள்ளேயே நின்றன. கேட் பாஸ் அடிக்க வழியில்லை. அன்றிலிருந்து முதலாளி, "பாதுகாப்புக்கு எது வேண்டுமோ வாங்கு" என்கிறார். ஒரு விற்பனையாளர், வெளியாட்கள் பிணையத்துக்குள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வாலை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். எதை முதலில் செய்வது? இன்னொரு சந்தேகம்: டிரைவர்கள் எங்கள் ஆப்பைத் தங்கள் சொந்த ஃபோனில்தான் வைத்திருக்கிறார்கள். அப்படி விடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை அந்த நாற்பது லாரிகள் இருந்த வரியைத் தாண்ட முடியவில்லை. சரக்கு இருந்தது, வண்டி இருந்தது, டிரைவர் இருந்தார், சீலும் போட்டாயிற்று. "போகலாம்" என்ற ஒரு சொல் மட்டும் பழுதான டிஸ்க்குக்குள் மாட்டிக்கொண்டது. இந்த நிலைமையை ஃபயர்வாலும் மாற்றாது, கிளவுடும் மாற்றாது. கிளவுடுக்குப் போனால் டிஸ்க் கவலை உங்களை விட்டுப் போகும், அது உண்மைதான். ஆனால் யார்டுக்கு வரும் இன்டர்நெட் கேபிளை எவனாவது தோண்டி அறுத்துவிட்டால் அதே நாற்பது லாரிகள் அதே இடத்தில் நிற்கும். வாங்கி வைக்கும் பாதுகாப்பு மென்பொருளே நம்மை நிறுத்திவிடுவதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அன்று யாரும் யாரையும் தாக்கவில்லை.

உங்கள் கேட் அனுபவத்துக்கு மிக நெருக்கமான சம்பவம் 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் நடந்தது. துறைமுக முனையங்களை நடத்தும் டிபி வேர்ல்டு நிறுவனத்தின் பிணையத்துக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் நிறுவனமே இன்டர்நெட் தொடர்பைத் துண்டித்தது. அந்த முடிவு சரியானது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன், ஃபிரீமேன்டில் என்ற நான்கு துறைமுகங்களிலும் கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குவது நிற்கவில்லை. ஆனால் லாரிகள் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியவில்லை. மூன்று நாளில் சுமார் 30,000 கன்டெய்னர்கள் தேங்கின. கிரேன் ஓடுகிறது, கேட் ஓடவில்லை. சரக்குத் தொழிலில் முதலில் அடைபடுவது எப்போதும் இந்தக் குறுகிய வாய்தான். அதனால் நீங்கள் எதை வாங்குவதற்கு முன்னும் சர்வர் இல்லாமல் உங்கள் கேட் ஒரு நாள் முழுக்க ஓடும்படி செய்யுங்கள். பாதுகாப்பு வேலையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சந்தேகம் வந்த நிமிடத்தில் தயங்காமல் தொடர்பைத் துண்டிக்க, துண்டித்தாலும் தொழில் நடக்கும் என்ற தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் இல்லாத இடத்தில் "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்று இழுப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நோய் எல்லா மெஷினுக்கும் பரவிவிடும்.

எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு லாரியை வெளியே விட கேட்டில் இருப்பவருக்கு என்னென்ன தெரிய வேண்டும்? வண்டி எண், டிரைவர் அடையாளம், கன்சைன்மென்ட் எண், சீல் எண், விடுவிக்க அனுமதி உண்டா இல்லையா. அவ்வளவுதான். அடுத்த 24 மணி நேரத்தில் போக வேண்டிய வண்டிகளின் பட்டியல் சில நூறு வரிகளைத் தாண்டாது. ஒரு சாதாரண கையடக்கக் கருவிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை சர்வரே கேட் கருவிக்குத் தள்ளிவிடட்டும். வழியில் யாரும் திருத்த முடியாதபடி டிஜிட்டல் கையொப்பத்தோடு போகட்டும். தொடர்பு அறுந்தால் கேட் தன்னிடமுள்ள கடைசிப் பட்டியலை வைத்து முடிவெடுக்கும். வெளியே விட்ட ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவு அந்தக் கருவியிலேயே எழுதப்படும்.

இந்தப் பதிவில்தான் அனுபவமுள்ளவர்களும் சறுக்குகிறார்கள். பதிவின் அடையாள எண்ணைக் கருவியே உருவாக்க வேண்டும், சர்வர் தரும் என்று காத்திருக்கக் கூடாது. நேரத்தை இரண்டாகக் குறிக்க வேண்டும்: வண்டி கேட்டைத் தாண்டிய நேரம் ஒன்று, அந்தச் செய்தி சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. காலை எட்டு மணிக்குப் போன வண்டியின் பதிவு மாலை மூன்று மணிக்கு வந்து சேர்ந்தால், ஒரே நேரக் குறிப்பு மட்டும் உள்ள சிஸ்டம் அந்த வண்டி மூன்று மணிக்குப் போனதாகச் சாதிக்கும். தாமதக் கட்டணத்தில் தகராறு அங்கேதான் முளைக்கிறது. அதேபோல, தொடர்பு திரும்பியதும் கருவி தன் பதிவுகளை அனுப்பும், பதில் வராவிட்டால் திரும்பவும் அனுப்பும். ஒரே பதிவு மூன்று முறை வந்தாலும் சர்வர் அதை ஒன்றாகவே கணக்கில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லோடு மூன்று லோடாகி, பில்லும் மூன்றாகிவிடும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பட்டியல் போன பிறகு ஒரு லோடை நிறுத்தி வைக்கச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டிருந்தால்? கேட்டுக்கு அது தெரியாதே! ஆம், தெரியாது. அந்த அபாயத்தை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்வது என்பது நிரல் எழுதுபவர் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. வண்டிகளை அனுப்பும் டிஸ்பாட்ச் பொறுப்பாளரோடும் முதலாளியோடும் உட்கார்ந்து பேசுங்கள். உதாரணமாக, பட்டியல் நான்கு மணி நேரத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும் என்று வைக்கலாம். விலை உயர்ந்த சரக்கானால் எவ்வளவு புதிய பட்டியலாக இருந்தாலும் ஃபோன் செய்து உறுதிசெய்த பிறகே விடலாம். முடிவு எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். அது கேட் அறையின் சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

கருவியும் போய்விட்டால் காகிதம். இந்தத் துறையில் காகிதத்தைப் பழமை என்று ஒதுக்குகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் காகிதத்தையும் வடிவமைக்க வேண்டும். முன்கூட்டியே எண் அச்சிட்ட புத்தகங்கள் வேண்டும். கேட்டுக்குக் கேட் வேறு வரிசை எண் இருந்தால், பிறகு சிஸ்டத்தில் ஏற்றும்போது இரண்டு பதிவுகள் ஒரே எண்ணில் மோதாது. உங்கள் கன்சைன்மென்ட் எண்ணின் கடைசியில், எண்ணைத் தவறாக எழுதினால் காட்டிக்கொடுக்கும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் சேர்த்துவிடுங்கள். கன்டெய்னர் எண்ணில் அது ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் தினமும் பார்ப்பதுதான், ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். கன்டெய்னர் எண்களுக்கான ஐஎஸ்ஓ 6346 விதியை விளக்க எல்லோரும் காட்டும் சிஎஸ்கியூயூ 305438-3 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். நான்கு எழுத்துகளுக்கும் விதிப்படி மதிப்பு 13, 30, 28, 32. பிறகு ஆறு இலக்கங்கள். இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கடைசி இலக்கமும் 3. இப்போது யாரோ அவசரத்தில் 305438 என்பதை 350438 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். கூட்டுத்தொகை 6025 ஆகும், மீதி 8. மூன்று எங்கே, எட்டு எங்கே! மழையில் நனைந்த நோட்டிலிருந்து இரவு இரண்டு மணிக்கு எண்களைத் தட்டச்சு செய்யும் ஒருவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

கேட் விஷயத்திலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். அடுத்தது சாவிக்கொத்து, அதாவது பாஸ்வேர்டுகளும் அட்மின் கணக்குகளும்.

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாச நிரலின் தாக்குதலில் மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனம் விழுந்த கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பலரும் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாக அது உள்ளே வந்தது. விண்டோஸில் இருந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் அதற்கு மூன்று மாதம் முன்பே, அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆனால் பேட்ச் போட்ட மெஷின்களும் தப்பவில்லை. காரணம், அந்த நிரல் ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டைத் திருடி, அதைக்கொண்டே அடுத்த கணினிக்குள் போனது. ஒரே அட்மின் கணக்கு எல்லா மெஷினையும் திறக்குமென்றால், ஒரு மெஷின் விழுந்தாலே எல்லாம் விழுந்த மாதிரிதான். மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் 2,500 மென்பொருள்களையும் பத்து நாளில் திரும்ப நிறுவியது. அந்தப் பத்து நாளும் பெரும்பகுதி வேலையை ஆட்கள் கையாலேயே செய்தார்கள் என்று அதன் தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸில் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனமே மதிப்பிட்டது.

அதில் ஒரு துணுக்கு உங்களுக்கு முக்கியம். நிறுவனத்தின் பயனர் கணக்குகளைத் தாங்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று அவை ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்தன. அன்று எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும், மின்தடையால் பிணையத்தில் இல்லாமல் இருந்ததால், தப்பியது. அதிலிருந்துதான் மற்றதையெல்லாம் மீட்டார்கள் என்று பின்னர் செய்தி வெளியானது. நகல் வேறு, பேக்கப் வேறு. இதை உங்கள் முதலாளிக்கும் புரியவையுங்கள். நகலில் பிழையும் அழிவும் நொடியில் நகலாகிவிடும். பிணையத்திலிருந்து கழற்றி வைத்த ஒரு பிரதி, அன்றாட அட்மின் கணக்கால் தொட முடியாத ஒரு பிரதி, கட்டாயம் வேண்டும்.

அந்தப் பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்காதவரை அதை நம்பாதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கு நிறுவனத்தில் பேக்கப் என் பொறுப்பில் இருந்தது. தினமும் இரவு வேலை முடிந்ததும் திரையில் பச்சை விளக்கு எரியும். ஒரு நாள் உண்மையாகவே மீட்க வேண்டி வந்தது. டேட்டாபேஸ் நான்கு மணி நேரத்தில் எழுந்துவிட்டது. ஆனால் லேபிள் அச்சிடும் வார்ப்புருக்களும் பிரின்டர் அமைப்புகளும் மேஜைக்கு அடியில் இருந்த வேறொரு கணினியில் இருந்திருக்கின்றன. அதை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. பேலட் எல்லாம் தயாராக இருக்கிறது, ஒட்ட லேபிள் இல்லை. ஆட்கள் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டினார்கள். ஸ்கேனருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. இரண்டு நாள் முழுக்க கண்ணால் பார்த்து எண்ணினோம். அந்த இரண்டு நாளும் இரவு ஷிப்டில் நின்றவர்களின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால் மீட்புச் சோதனை செய்யும்போது டேட்டாபேஸ் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு பெட்டி கிடங்குக்குள் வந்து, லேபிள் ஒட்டி, லாரியில் ஏறி, கேட்டைத் தாண்டி, பில் ஆகும்வரை அந்த மீட்ட சிஸ்டத்தில் நடத்திப் பாருங்கள்.

பாஸ்வேர்டு பற்றி நீளமாக எழுத மாட்டேன். ஒரே ஒரு நிகழ்வு. பிரிட்டனில் 1865-இல் தொடங்கிய நைட்ஸ் ஆஃப் ஓல்டு என்ற லாரி நிறுவனம், கேஎன்பி குழுமத்தின் பகுதியாக சுமார் 500 லாரிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. 2023-இல், கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. ஓர் ஊழியரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்திருக்கலாம் என்று நிர்வாகமே சொன்னது. காப்பீடு இருந்தும் அந்த ஆண்டு செப்டம்பரில் குழுமம் திவாலானது. சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு வழியிலும், மின்னஞ்சல் உட்பட, பாஸ்வேர்டோடு (ஃபோனுக்கு வரும் குறியீடு போன்ற) இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்பதை இந்த வாரமே செய்துவிடுங்கள். அதற்குப் பெரிய பணமோ பெரிய குழுவோ தேவையில்லை.

நம் தொழிலுக்கே உரிய இன்னொரு ஆபத்து உண்டு. அதை ஃபயர்வால் விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். சரக்குத் தொழிலில் தகவலைத் திருடினால் சரக்கையே திருடலாம். 2011 முதல் 2013 வரை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் போதைப்பொருள் கும்பல் ஒன்று கணினி ஆட்களை வைத்து, தாங்கள் போதைப்பொருளை ஒளித்து வைத்த கன்டெய்னர் எங்கே இருக்கிறது, அதை விடுவிக்கும் எண் என்ன என்று தெரிந்துகொண்டு, உண்மையான உரிமையாளரின் லாரி வருவதற்குள் தங்கள் லாரியை அனுப்பி எடுத்துப் போய்க்கொண்டிருந்தது. முதலில் மின்னஞ்சலில் நாச நிரலை அனுப்பி நுழைந்தார்கள்; அந்த வழி அடைபட்டதும், அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து விசைப்பலகைத் தட்டல்களைப் பதியும் கருவிகளை மறைத்து வைத்தார்கள். உங்கள் ஒப்பந்த லாரிகளை நினைத்துப் பாருங்கள். "உங்கள் லோடை எடுக்க வந்திருக்கிறேன்" என்று ஒருவர் வந்து நிற்கிறார், கையில் எண் இருக்கிறது. அந்த எண் பத்துப் பேர் பார்த்த மின்னஞ்சலில் போயிருந்தால் அதற்கு என்ன மதிப்பு? விடுவிப்பு எண் ஒரு வண்டிக்கு, ஒரு டிரைவருக்கு, ஒரு முறைக்கு மட்டும் செல்லுபடியாக வேண்டும். எண்ணைப் பார்த்தவர் யார் யார் என்பதும் பதிவாக வேண்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று ஒப்பந்ததாரர் பெயரில் மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு ஃபோன் செய்ய வேண்டும்.

வாடிக்கையாளர், கப்பல் நிறுவனம், சுங்கம் என்று உங்கள் சிஸ்டம் பலரோடு பேசிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனிச் சாவி கொடுங்கள். ஒருவர் பக்கம் தீப்பிடித்தால் அந்த ஒரு கதவை மட்டும் சாத்த முடியும். அவர்கள் உங்கள் கதவைச் சாத்தினாலும் அனுப்ப வேண்டிய செய்திகள் தொலையாமல் உங்கள் பக்கம் வரிசையில் காத்திருக்கட்டும். 2022 பிப்ரவரியில் எக்ஸ்பெடிட்டர்ஸ் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனம் தாக்கப்பட்டு, தன் சிஸ்டங்களில் பெரும்பாலானவற்றைத் தானே நிறுத்தியபோது, வாரக்கணக்கில் அதன் வாடிக்கையாளர்களும் சேர்ந்து தவித்தார்கள். அப்படியொரு நாளில் யாரை அழைப்பது என்ற ஃபோன் பட்டியல் காகிதத்தில் இருக்க வேண்டும். கணினியில் மட்டும் இருந்தால் தேவைப்படும் அன்று அதுவும் பூட்டிக் கிடக்கும்.

மூன்று பேரால் இவ்வளவும் முடியுமா என்று நினைப்பீர்கள். ஒரே மாதத்தில் முடியாது. இரண்டாவது சரிபார்ப்பு, அன்றாட அட்மின் கணக்கைப் பிரிப்பது, கழற்றி வைக்கும் பேக்கப் ஆகிய மூன்றும் சில வாரங்களில் முடியும். காகிதப் புத்தகமும் ஃபோன் பட்டியலும் அதற்குள்ளேயே அடங்கும். கேட் கருவிக்கு நான்கைந்து மாதம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு அரைகுறையாகப் போட்டால் கேட்டில் இருப்பவர் அதை நம்ப மாட்டார். அவர் நம்பாத கருவி மேஜையில்தான் கிடக்கும். விற்பனையாளர்கள் இருவரையும் திரும்ப அழைத்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "போன மாதம் நின்ற அந்த நாற்பது லாரிகளை உங்கள் பொருள் எப்படி வெளியே அனுப்பியிருக்கும்?" பதில் சொல்லத் தெரிந்தவரோடு பேச்சைத் தொடருங்கள்.

பிறகு, லோடு குறைவாக உள்ள ஒரு நாளில், எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கேட்டின் பிணையக் கேபிளை இரண்டு மணி நேரம் கழற்றி வையுங்கள். நீங்களே அங்கே போய் நில்லுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை கேட்காதீர்கள். யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள், எந்த விவரம் கிடைக்காமல் கை நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கேட் கருவியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அந்த நோட்டை வைத்துத்தான் எழுத வேண்டும்.

டிரைவர்களின் சொந்த ஃபோன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடலாம். ஒப்பந்த டிரைவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அந்த ஃபோன் தொலையும், பிள்ளைகள் கையில் விளையாடும், விற்கப்படும் என்று எடுத்துக்கொண்டே ஆப்பை எழுதுங்கள். டிரைவருக்கு அவருடைய அந்தப் பயணத்தின் விவரம் மட்டும் தெரிந்தால் போதும். பயணம் முடிந்து, டெலிவரிக் கையெழுத்தும் படமும் சர்வருக்கு வந்து சேர்ந்தது உறுதியானதும் விவரம் ஃபோனிலிருந்து தானாக அழியட்டும், உறுதியாகும்வரை அழியக் கூடாது. ஃபோன் தொலைந்துவிட்டது என்று டிரைவர் சொன்னால் அந்தக் கணக்கை நிறுத்த டிஸ்பாட்சில் இரவிலும் ஒருவர் இருக்க வேண்டும். சொன்னதற்காக அவரைத் திட்டக் கூடாது. திட்டு வாங்கிய டிரைவர் அடுத்த முறை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார்.